பெருநாள் உடுப்பின் மடிப்பு

ஸஃபாக்ஸ், 12 ஜனவரி 1997

அன்புள்ள மொன்ஜியா அத்தைக்கு,

நான் உல்ஃபா, உங்கள் தம்பி திஜானியின் மகள். இப்போது எனக்குப் பதினைந்து வயது. இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோன்புக்கு முன் விடிகாலையில் சாப்பிடும் சஹருக்கு எழுப்பும் மேளக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் முடித்துவிட வேண்டும். மேளம் கேட்டதும் அம்மா முதலில் இங்கேதான் வருவார்.

உங்கள் பெயரை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் அப்பா "தலைநகரத்து அம்மா" என்கிறார். ஆறு வருடம் முன்பு அவர் பைஜாமா என்று இறக்கிய சரக்கை, இது வெளியே போட்டுப் போகும் உடுப்பு, வரி கூட என்று சுங்க அலுவலகத்தில் நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அம்மா கண்ணைக் காட்டுகிறார்.

இப்போது அதைவிடப் பெரிய கஷ்டம். அப்பாவின் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. எல்லாம் இஸ்தான்புல்லில் தைத்த பெருநாள் உடுப்புகள். எல்லாவற்றையும் குழந்தை உடுப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். எண்பத்தாறு சென்டிமீட்டர் உயரம் வரைக்குமான பிள்ளைக்கு என்றால்தான் அது குழந்தை உடுப்பு, அதைத் தாண்டினால் வரி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோதனை அதிகாரி ஒரு உடுப்பின் கால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு சாண் துணி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. கையிலும் அப்படியே. தையலைப் பிரித்து அளந்தால் நாலு வயதுப் பிள்ளையின் நீளம் வந்தது. சின்ன அளவுச் சீட்டை வைத்துப் பெரிய உடுப்பைக் கொண்டுவருகிற வேலை என்று அவருக்குப் பட்டது. யாருக்கும் அப்படித்தான் படும் என்று அம்மாவே சொல்கிறார். ஆனால் மடிப்பு வைக்கச் சொன்னது அப்பா, அதுவும் கடைக்கு வரும் அம்மாக்களுக்காக.

அப்பா அங்கேயே சத்தம் போட்டிருக்கிறார். "ஐயா, இந்த ஊர்ல எந்தத் தாயாவது பிள்ளைக்கு அளவா உடுப்பு எடுத்துப் பாத்திருக்கீங்களா? ரெண்டு பெருநாளைக்கு வரணும், அப்புறம் தம்பிக்கும் வரணும்." அதிகாரி சொன்னாராம்: "நான் சூஸாக்காரன். எங்க ஊர்ல பிள்ளைக்குத்தான் உடுப்பு எடுப்போம், பிறக்காத தம்பிக்கு எடுக்க மாட்டோம்." சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அப்பா நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை.

கோப்பு உங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. பொய் அறிவிப்பு என்று முடிவானால் அப்பாவின் இறக்குமதி உரிமம் போய்விடும். உரிமம் போனால் பாப் திவான் கோட்டை வாசலுக்குள் இருக்கிற கடையும் போய்விடும். "அவ கைக்குப் போச்சு, முடிஞ்சுது" என்று அம்மாவிடம் அவர் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அப்பாவின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை, நீங்கள் கடைசியாக வந்தபோது என் பள்ளிக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது பையன் கோட்டு, யாரோடது?" என்று கேட்டீர்கள். மாமா மகனுடையது என்று அம்மா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எல்லோருக்கும் பத்து வருடம் பார்த்தாலும் தெரியாதது உங்களுக்கு எப்படி ஒரு பார்வையில் தெரிந்தது என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கண்ணால் இந்த உடுப்பையும் பார்த்து, சரி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரே ஒரு வரி.

பதிலைத் தோழி எம்னாவின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். ஸ்கந்தருக்கு, அதாவது என் தம்பிக்கு, உங்களைத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள்
உல்ஃபா

*

தூனிஸ், 16 ஜனவரி 1997

உல்ஃபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரிகள் போகப் போக மேலே ஏறுகின்றன. உன் அப்பா எழுதினாலும் அப்படித்தான்.

உனக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை உன் கடிதத்தை என் மேலாளரிடம் காட்டினேன். அந்தக் கோப்பு இனி என் மேசையில் இல்லை, வேறொருவரிடம் போய்விட்டது. நீ கேட்ட அந்த ஒரு வரியை இனி நான் எழுத முடியாது. எழுத முடிந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். நீ எழுதாமல் இருந்திருந்தாலும் நான் விலகித்தான் இருந்திருப்பேன், ஆகவே அழாதே.

பைஜாமா விஷயம். எங்களிடம் வருவது மாதிரி உடுப்பு மட்டும். யாருடைய சரக்கு என்று அதில் எழுதியிருக்காது. இடுப்பில் பை, கழுத்தில் காலர், முழங்காலில் தடித்த ஒட்டுத்துணி. தூங்குகிற பிள்ளைக்கு முழங்காலில் ஒட்டு எதற்கு? எழுதிவிட்டேன். அது என் தம்பியின் சரக்கு என்று அவன் தொலைபேசியில் கத்தியபோதுதான் தெரிந்தது. அவன் அதை இன்றுவரை நம்பவில்லை. இந்தத் தடவை அவனே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருப்பதால் பெயர் தெரிந்தது.

தம்பி என்று ஒருவன் உனக்குப் பிறந்ததை, இங்கே மத்தியச் சந்தையில் மீன் விற்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அன்று மீன் வாங்காமல் திரும்பி வந்தேன். அவன் உயரம் என்ன? அத்தையாகக் கேட்கிறேன்.

உன் கோட்டு. முன்பக்கம் இடது பாதி வலது பாதியின் மேல் வந்து மூடினால் ஆண்பிள்ளை உடுப்பு, வலது மேலே வந்தால் பெண்பிள்ளை உடுப்பு. சுங்க வரி அட்டவணையில் அச்சிட்டிருக்கிறது, யாரும் வாசிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாத உடுப்பு வந்தால் அதைப் பெண்கள் பக்கம் சேர்க்க வேண்டும். இத்தனை வருட வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

இனி கோப்பைப் பற்றி எனக்கு எழுதாதே. மற்ற எதைப் பற்றியும் எழுதலாம்.

மொன்ஜியா

*

ஸஃபாக்ஸ், 20 ஜனவரி 1997

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எம்னா கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். பள்ளிக் கழிவறையில் நின்று படித்தேன். முதலில் உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. நியாயமாகப் பார்க்கக் கூடிய ஒரே ஆளை அப்பாவின் பக்கத்திலிருந்து நானே எடுத்துப்போட்டு விட்டேன் என்று நினைத்தேன். ராத்திரி திரும்பப் படித்தபோது கோபம் போய்விட்டது. எங்கள் வகுப்பில் எல்லோரும் தங்களுக்குப் காரியம் முடித்துத் தரும் ஒரு மாமா பெரிய இடத்தில் இருப்பதாகப் பெருமை பேசுவார்கள். எனக்கு அப்படிச் செய்ய மறுத்த ஒரு அத்தை இருக்கிறார். யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் குறை.

கோப்பு கை மாறிய செய்தி அப்பாவுக்கும் வந்துவிட்டது. என்ன நினைத்துக்கொண்டார் தெரியுமா? "அவகிட்டேருந்து புடுங்கிட்டாங்க. அவ லட்சணம் அங்கயும் தெரிஞ்சுபோச்சு போல" என்று சொல்லி, நோன்பு தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக ரெண்டாவது கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால் நான் எழுதியதும் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் நீங்கள் செய்த நல்லதை அவர் இன்னும் ஒரு திட்டாக வைத்துக்கொள்வார். கிண்ணத்தில் சூப்பை ஊற்றினேன்.

ஸ்கந்தரின் உயரம் எண்பத்திரண்டு. கதவு நிலையில் நிறுத்தி அம்மாவின் தையல் நாடாவால் அளந்தேன். நிற்க மாட்டேன் என்று நாடாவைக் கடித்தான். எழுதிய பிறகுதான் அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தேன். எண்பத்தாறுக்கு உள்ளே இருக்கிறான். இஸ்தான்புல்காரர் முதலில் அனுப்பிய மாதிரி உடுப்புகள் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.

கோப்பைப் பற்றி எழுத மாட்டேன். என் தம்பியைப் பற்றி எழுதுகிறேன். அவனுக்கு அந்தக் கால்வரை மூடும் முழு உடுப்பை, எல்லா மடிப்பையும் பிரித்துவிட்டுப் போட்டுவிட்டேன். கை மறைந்துபோனது. பாதமும் மறைந்து, துணியை மிதித்து விழுந்து சிரித்தான். ஆனால் உடுப்பின் தோள் அவன் தோள் அளவுதான். கைக்குழியில் என் இரண்டு விரல்கூடச் சரியாகப் போகவில்லை. நாப்பி மாற்றுவதற்காகக் கால்களுக்கு நடுவில் வைத்த டிச் பட்டன்கள் அவன் உடம்புக்கு அப்படியே பொருந்தி மூடின. பிரித்தால் நீள்வது கையும் காலும்தான். உடுப்பின் நடுவுடம்பு நீளவே இல்லை.

அத்தை, நீங்கள் இதற்காகத்தான் உயரத்தைக் கேட்டீர்களா?

உல்ஃபா

*

தூனிஸ், 23 ஜனவரி 1997

உல்ஃபாவுக்கு,

இல்லை. மருமகன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். மற்றவர்கள் பிள்ளைகளின் எடையைக் கேட்பார்கள், எனக்கு உயரம்தான் வாயில் வருகிறது. தொழில் பழக்கம்.

எண்பத்திரண்டு என்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "இது என்ன, உன் எடையா?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தின் பின்பாதிக்குப் பதில் சொல்ல மாட்டேன். என் முகத்தை நீ பார்க்காமல் இருப்பது நல்லது. ஒன்று மட்டும், ஒரு கோப்புக்கும் சேராத பொதுப் பேச்சாகச் சொல்கிறேன். ஒரு உடுப்பை ஒரே பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்கிறவர்கள், தங்களுக்கு வேண்டிய பதில் வந்ததும் நிறுத்திக்கொண்டவர்கள்.

மொன்ஜியா

*

ஸஃபாக்ஸ், 26 ஜனவரி 1997

அத்தைக்கு,

நீங்கள் சொன்ன அந்தப் பொதுப் பேச்சு இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எதிர் வீட்டு ஹிபாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு நாலு வயது. அம்மா இறைச்சி வாங்கப் போயிருந்தார். முதலில் அந்த முழு உடுப்பு. தலை நுழைந்தது, தோளில் சிக்கிக்கொண்டது. "அக்கா, இது பாப்பா சட்டை. என்னைய பாப்பான்னு நெனச்சியா?" என்று கோபித்துக்கொண்டாள். பட்டன் ஒன்றுகூட மூடவில்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

சரக்கில் இன்னொரு வகையும் இருக்கிறது. கையில்லாத கவுன். தோளில் முடிச்சுப் போடும் நாடா, மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து விரிந்த பாவாடை. ஸ்கந்தருக்கும் பொருந்தும். அதே கவுனை மடிப்பைப் பிரித்து ஹிபாவுக்குப் போட்டு நாடாவை முடிந்தேன். அவளுக்கென்றே தைத்தது போல இருந்தது. முழங்கால் வரை வந்தது. அவள் கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

"கழட்டு ஹிபா."

"எதுக்கு? பெருநாளைக்குத்தானே குடுத்த?"

"குடுக்கல. போட்டுப் பாக்கத்தான்."

"பாத்துட்டேன். நல்லாருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

போய்விட்டாள், அத்தை. கவுனோடு தெருவைத் தாண்டி ஓடிவிட்டாள். அவள் அம்மா அழைத்துக்கொண்டு வந்து, "உங்க வீட்டுத் துணிய யாருக்கு வேணும்னாலும் மாட்டிவிடுவியா? இப்ப இவள யாரு சமாதானம் பண்றது?" என்று வாசலில் நின்று திட்டிவிட்டுக் கவுனைக் கொடுத்துப் போனார். கொஞ்சம் முன்னால் அப்பா வந்திருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

இப்போது நான் என்ன செய்வது? முழு உடுப்பு விஷயத்தில் அப்பா சொல்வது சரி. கவுன் விஷயத்தில் அந்த சூஸாக்காரர் சொல்வது சரி. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, ஒரே தாளில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதிவிட்டார். முழு உடுப்பை மட்டும் அவரிடம் சொல்லி, கவுனைச் சொல்லாமல் விட்டுவிடலாம். அவர்களாகக் கண்டுபிடிக்காமலும் போகலாம். சொன்னால், தவறாக எழுதினேன் என்று அப்பாவே தன் வாயால் ஒப்புக்கொண்டது போல ஆகி, அதற்கே உரிமத்தை எடுத்துவிட்டால்?

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயமே. மேளக்காரர் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டார். ஒரு வார்த்தையாவது எழுதுங்கள்.

உல்ஃபா

*

தூனிஸ், 29 ஜனவரி 1997

உல்ஃபாவுக்கு,

உன் கடிதத்தில் 'கவுன்' என்ற சொல் வரும் இடம் வரை படித்தேன். அங்கே மடித்து உறையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பைப் பார்க்கிறவர் எனக்கு எதிர் மேசையில் உட்காருகிறார். எனக்குத் தெரியாதது என் முகத்திலும் இருக்காது. முடிவு வந்த பிறகு மீதியைப் படிப்பேன். ஹிபாவுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீ என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால், அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. நீ கேட்டதைக் கேட்க வேண்டிய ஆள் உன் வீட்டிலேயே இருக்கிறார். அவன் சத்தம் போடுவான். சின்ன வயதிலும் அப்படித்தான், முதலில் கத்துவான், பிறகு பின்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்து யோசிப்பான். கத்துகிறபோது ஓடிவிடாதே. யோசிக்கும்வரை நில்.

மொன்ஜியா

*

ஸஃபாக்ஸ், 6 பிப்ரவரி 1997

அன்புள்ள அத்தை,

இது ஒளித்து எழுதும் கடிதம் இல்லை. பகலில், கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உலர்திராட்சை ஆய்ந்துகொண்டு, "என்ன எழுதுற, சத்தமாப் படி" என்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவுத் தொழுகை முடிந்து அப்பா வந்ததும் முன்னால் போய் நின்றேன். முழு உடுப்பையும் கவுனையும் மேசை மேல் வைத்தேன். ஸ்கந்தருக்குப் போட்டுப் பார்த்ததையும் ஹிபாவுக்குப் போட்டுப் பார்த்ததையும் சொன்னேன். கவுனைச் சொல்லும்போது அப்பா எழுந்துவிட்டார்.

"யாருடி இத உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. அத்தை ஸ்கந்தர் எவ்ளோ உயரம்னு கேட்டாங்க. அளந்தேன். அவ்வளவுதான்."

பிறகு கத்தினார். நீங்கள் சொன்னதைவிட அதிகமாகவே கத்தினார். என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் தபால் நடக்கிறதா என்றார். எம்னா வீட்டு முகவரிக்கு வருகிறது என்றதும், அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஸ்கந்தர் எழுந்து அழுதான். நான் ஓடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சு விட்ட இடைவெளியில், "அவங்ககிட்டேருந்து யாரும் கோப்பப் புடுங்கல அப்பா. உங்க பேரப் பாத்துட்டு அவங்களே விலகிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அவளாவா?"

"ஆமா. பைஜாமா விஷயத்துலயும் உங்க சரக்குன்னு அவங்களுக்குத் தெரியாதாம்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கவுனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சஹர் வரைக்கும் அங்கேயே இருந்தார்.

திங்கட்கிழமை விசாரணைக்கு ஸ்கந்தரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விடியும் முன்பே தூனிஸுக்குக் கிளம்பினார். அங்கே நடந்ததை அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டார். அதிகாரிகள் நால்வர், துறைமுகத்து சூஸாக்காரரும் வந்திருந்தார். அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே அப்பா கவுனை எடுத்து மேசை மேல் வைத்தாராம். "இத நான் குழந்தை உடுப்புன்னு எழுதிக் குடுத்தது தப்பு. நாலு வயசுப் பொண்ணு ஒருத்தி போட்டுக்கிட்டுக் கழட்ட மாட்டேன்னு ஓடிட்டா. இதுக்கு என்ன வரியோ போடுங்க. ஆனா இன்னொன்னு இருக்கு, அதப் போட்டுட்டு வந்த ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று ஸ்கந்தரைத் தூக்கி மேசை மேல் நிறுத்தினாராம், மடிப்பெல்லாம் பிரித்த உடுப்போடு. அவனுக்குக் கை தெரியவில்லை. அந்த நீளக் கையால் தலைவரின் மைப்பெட்டியைத் தட்டிவிட்டு, முத்திரைக் கட்டையை வாயில் வைத்துக்கொண்டானாம்.

தலைவர் தோளை அளந்தார். கைக்குழியை அளந்தார். டிச் பட்டனைத் தானே போட்டுக் கழற்றிப் பார்த்தார். பிறகு சூஸாக்காரரிடம் திரும்பி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் ஸ்கந்தரின் கையை மடித்துவிட்டபடி, "உடுப்பு குழந்தையோடதுதான். மடிப்பு ஸஃபாக்ஸ்காரங்களோடது" என்றாராம். வெளியே வந்ததும் அப்பாவிடம், எனக்கும் ஒரு பையன் இருக்கிறான், காசு கொடுத்துத்தான் வாங்குவேன், கடை எங்கே என்று விசாரித்தாராம்.

முழு உடுப்பெல்லாம் குழந்தை உடுப்பு என்று முடிவானது. கவுனுக்கு மட்டும் வித்தியாச வரி. அவரே முன்வந்து சொன்னதால் பொய் அறிவிப்பு இல்லை, தவறான அறிவிப்பு என்று எழுதினார்கள். உரிமம் இருக்கிறது. நேற்று சரக்கு கடைக்கு வந்துவிட்டது. இன்று நிற்க இடமில்லை. அம்மாக்கள் எல்லாம் முதலில் மடிப்பைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள்.

விசாரணை முடிந்ததும் அப்பா உங்கள் அறையை விசாரித்துப் போயிருக்கிறார். நாற்காலி காலியாக இருந்ததாம். திரும்பி வரும் வழியில் சூஸாவைத் தாண்டியதும், "அக்கா இன்னைக்குன்னு பாத்து லீவு போட்டிருக்கா" என்றாராம். அக்கா என்றுதான் சொன்னார், அம்மா சத்தியம் செய்கிறார்.

பெருநாளுக்கு உப்பு மீனும், வெங்காயமும் உலர்திராட்சையும் கரைய வேகவைத்த ஷர்மூலாவும் உங்களுக்கு வாடகைக் கார் ஓட்டுநரிடம் வருகிறது. ஜாடியை அப்பாவே கட்டினார். எதில் சுற்றினார் என்று பார்க்கப் போனேன், விரட்டிவிட்டார்.

உங்களைப் போல ஆக வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆகவே சொல்லவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

உல்ஃபா

*

தூனிஸ், 12 பிப்ரவரி 1997

அன்புள்ள உல்ஃபா,

பெருநாள் வாழ்த்துகள். ஹிபாவின் கதையை முழுக்கப் படித்தேன். அலுவலகத்தில் எதிர் மேசைக்காரருக்கும் படித்துக் காட்டினேன், இனிமேல் தடையில்லை. அவர் அந்தக் கவுனில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தீர்களா என்று கேட்கிறார். கொடுத்திருப்பீர்கள்.

அன்று நான் விடுப்புதான். ஆனால் வீட்டில் இல்லை. அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், மூடிக் கிடந்த காபிக் கடையின் நிழலில் நின்றேன். உன் அப்பா வெளியே வந்தான். மெலிந்துவிட்டான். தோளில் ஒரு பிள்ளை நீளக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு என்று நீ எழுதியது சரியான அளவு. முடிவு என்ன என்று அவன் நடையிலேயே தெரிந்தது. கவுனை அவனே முதலில் எடுத்து வைத்தான் என்பது மறுநாள்தான் தெரிய வந்தது. எங்கள் தலைவர், இத்தனை வருடத்தில் ஒரு வியாபாரி இப்படிச் செய்து பார்த்ததில்லை என்றார். அவன் என் தம்பி என்று சொன்னேன். அவன் பின்னால் ஒரு பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லவில்லை. அது எனக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஷர்மூலா வந்தது. வெங்காயம் சரியாகக் கரைந்திருக்கிறது. திராட்சை கொஞ்சம் கூடுதல், உன் அம்மாவிடம் சொல்லாதே. மீனில் உப்பு நம் வீட்டு உப்பு. பெருநாள் காலையில் தனியாக உட்கார்ந்து ஜாடியில் பாதியைத் தீர்த்துவிட்டேன்.

இனி ஜாடியைச் சுற்றியிருந்த துணி. ஆறு வருடமாக அவன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். காலரும் பையும் அப்படியே இருக்கின்றன. 'பைஜாமா' என்று ஒரே ஒரு சொல் எழுதிய சீட்டை அதில் குத்தி அனுப்பியிருக்கிறான். வேறு ஒரு வரி இல்லை.

உன் அப்பாவிடம் இதைச் சொல். அனுப்பிய மாதிரியை முறைப்படி ஆராய்ந்தேன். வந்திருப்பது மேல்சட்டை மட்டும். பைஜாமா என்றால் மேலும் கீழும் சேர்ந்த ஒரு செட். பாதியை வைத்து நான் எதுவும் சொல்வதற்கில்லை. முழங்காலில் ஒட்டுப் போட்ட அந்தக் கால்சட்டை அவனிடம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். அதை அவனே கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். யாரிடமாவது கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டேன்.

ஸ்கந்தர் எண்பத்தாறைத் தாண்டுவதற்குள் வரச் சொல்.

உன் அத்தை
மொன்ஜியா